தொல்லியல் களப்பணியும் ஊர்மக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழடி பேசுபொருளான பிறகு தொல்லியல் பற்றிக் கேட்பவர்கள் இரண்டு வகை. இந்த வேலைக்கு வர நினைக்கும் மாணவர்கள் ஒரு பக்கம். தங்கள் ஊரில் ஏதோ கிடைத்துவிட்டது, அல்லது கிடைத்துவிடுமோ என்று யோசிக்கும் ஊர்க்காரர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பின் கேள்விகளும் இங்கே ஒன்றாகவே உள்ளன. களத்தில் இரண்டையும் பிரிக்க முடிவதில்லை.

என்ன படித்தால் இந்த வேலைக்கு வரலாம்?

இளங்கலையில் எந்தப் பாடம் படித்தாலும் தடையில்லை. முதுகலையில்தான் பாதை பிரிகிறது. சென்னைப் பல்கலைக்கழகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், புனே டெக்கான் கல்லூரி ஆகியவை தமிழ்நாட்டு மாணவர்கள் வழக்கமாகப் போகும் இடங்கள். முதுகலைக்குப் பின் பட்டயப் படிப்பு. மாநிலத் தொல்லியல் துறை உதவித்தொகையுடன் முழுநேரப் பட்டயம் நடத்துகிறது. கல்வெட்டும் அகழாய்வும் கையால் பழகக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு அது. மத்தியத் தொல்லியல் துறையின் இரண்டாண்டுப் பட்டயம் கிரேட்டர் நொய்டாவில் நடக்கிறது. 2020-இல் அதற்கான அறிவிப்பில் தகுதி மொழிகளின் பட்டியலில் தமிழ் விடுபட்டு, எதிர்ப்புக்குப் பிறகு சேர்க்கப்பட்டது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

நிலவியல், தாவரவியல், வேதியியல் படித்தவர்கள் தங்களுக்கு இங்கே இடமில்லை என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். உண்மையில் ஆள் பற்றாக்குறை அங்கேதான். கரிந்த விதையைப் பார்த்து நெல்லா, வரகா, சாமையா என்று சொல்லத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் மிகக் குறைவு. விலங்கெலும்பு அடையாளம் காண்பவர்களும் அப்படியே.

வேலை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் மெதுவாக. மாநிலத்தில் தொல்லியல் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி., மத்தியத் துறையின் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்கு யு.பி.எஸ்.சி. இடங்கள் குறைவு; ஒரு அறிவிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஆண்டுகள் ஓடிவிடும். அதுவரை பெரும்பாலோர் ஒப்பந்த ஆய்வாளர்களாகக் குழியில் நிற்கிறார்கள். அகழாய்வுப் பருவம் முடிந்தால் சம்பளமும் நிற்கும். இந்த இடைவெளியைத் தாண்டியவர்களிடம் பெரும்பாலும் கூடுதலாக ஒரு கைத்திறன் இருக்கிறது: பானை ஓடு வரைதல், டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி, நிலவரைபட மென்பொருள், பழைய எழுத்து வாசிப்பு. ஒன்றையாவது நன்றாகப் பழகுங்கள். குறிப்பாக, பானை ஓடு வரையத் தெரிந்தவரை எந்தக் குழுவும் விடாது.

நாள் முழுக்கத் தோண்டிக்கொண்டே இருப்பீர்களா?

இல்லை. தோண்டுவதைவிட எழுதுவதும் அளப்பதும் வரைவதும் அதிகம். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் காய்ந்தபின் தொடங்கி, செப்டம்பர் வாக்கில் முடிப்பது வழக்கம். நடுவில் சித்திரை வெயில் முழுவதும் வரும் என்பதால் காலையில் சீக்கிரம் இறங்கிவிடுவார்கள். மண்ணின் நிறம் சாய்வான வெளிச்சத்தில்தான் சரியாகத் தெரியும். உச்சிவெயிலில் எல்லா அடுக்கும் ஒரே சாம்பல். பகலில் நிழலில் ஓடு கழுவல், பிரிப்பு. மாலையில் பதிவேடு. பதிவேட்டை மறுநாள் காலைக்குத் தள்ளினால் எந்தப் பை எந்த ஆழத்திலிருந்து வந்தது என்பது மறந்துபோகும்.

எங்கே தோண்டுவது என்று எப்படி முடிவாகிறது?

முதலில் காலால் நடந்து பார்ப்பதுதான். உழுத வயலில், கிணறு வெட்டிய மண்ணில், ஓடைக் கரையில் நடந்து, மேற்பரப்பில் கிடக்கும் ஓடுகளைக் குறிப்பார்கள். உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமான பழைய பானை ஓடு ஒன்றிரண்டு கிடைத்தால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுற்றுவட்டாரத்தைவிட உயர்ந்த மேடு, சாம்பல் நிற மண், நெருக்கமான ஓடுகள் மூன்றும் சேர்ந்தால் அது மக்கள் நீண்ட காலம் குடியிருந்த இடம். ஊர்ப்பெயரும் நிலப்பெயரும் உதவும்: திடல், மேடு, கோட்டை, தாழிக்காடு என்று வழங்கும் இடங்களை விடாமல் பார்ப்பார்கள். கீழடியின் அகழாய்வு மேட்டை ஊரார் பள்ளிச்சந்தைத் திடல் என்றே சொல்லி வந்தார்கள். ஏறத்தாழ 110 ஏக்கர், பெரும்பகுதி தென்னந்தோப்பு. வீடு கட்டாமல் தோப்பாக விட்டதால்தான் மேடு பிழைத்தது.

தரை ஊடுருவும் ரேடார், காந்தமானி, டிரோன் இவையெல்லாம் இப்போது உண்டு. கீழடித் தொகுதியிலும் பயன்பட்டுள்ளன. இவை எங்கே மண் மாறுகிறது என்று காட்டும், என்ன இருக்கிறது என்று சொல்லாது. ஈரக் களிமண்ணில் ரேடார் ஆழம் போகவும் போகாது.

அகழாய்வுக்கு மத்தியத் தொல்லியல் துறையின் உரிமம் கட்டாயம், மாநிலத் துறைக்கும் கூட. தனியார் யாரும் “ஆய்வுக்காக” என்று தோண்ட முடியாது.

குழி ஏன் எப்போதும் சதுரமாக இருக்கிறது?

மார்ட்டிமர் வீலர் 1940-களில் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராக இருந்தபோது, தட்சசீலத்திலும் 1945-இல் அரிக்கமேட்டிலும் பயிற்சி கொடுத்து நிலைநிறுத்திய முறை இது. 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் குறிப்பார்கள். நான்கு ஓரங்களிலும் அரை மீட்டர் விட்டு, நடுவில் குறுக்கும் நெடுக்கும் அரை மீட்டர் மண்சுவர் விட்டால், 4.25 மீட்டர் பக்கமுள்ள நான்கு கால்குழிகள் கிடைக்கும். ஒரே நேரத்தில் நான்கையும் தோண்டமாட்டார்கள். ஒன்றை ஆழமாக இறக்கி அடுக்குகளைத் தெரிந்துகொண்டு மற்றவற்றில் கைவைப்பார்கள்.

முழுப்பயனும் அந்த மண்சுவரில்தான். தோண்டி எடுத்த மண் திரும்பி வராது. சுவரின் வெட்டுமுகம் மட்டுமே சாட்சி. அதில் ஒவ்வோர் அடுக்கையும் கரண்டி நுனியால் கீறி, எண் அட்டை குத்தி, 1:20 அளவில் வரைவார்கள். ஆழத்தைக் குழி விளிம்பிலிருந்து அளக்கக் கூடாது, தரை சாய்ந்திருக்கும். நிலையான ஒரு மட்டப்புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். அப்புள்ளியைத் தென்னை மரத்தில் ஆணியடித்து வைப்பதும் தவறுதான், மரம் வளரும், வெட்டவும் படும். சிமெண்ட் கல் ஊன்றுங்கள்.

எப்போது நிறுத்துவீர்கள்?

கன்னி மண் வந்ததும். மனிதக் கைபடாத இயற்கை மண் அது. ஓடு, கரி, எலும்பு எதுவும் இராது. ஆனால் ஆற்றங்கரையில் ஏமாற்றும்: வெள்ளம் கொட்டிய மணல் ஒரு முழத்துக்குச் சுத்தமாக வரும், அதற்குக் கீழே மறுபடி குடியிருப்பு தொடங்கும். அதனால் ஒரு மூலையில் மட்டும் இன்னும் சற்று ஆழமாகச் சோதனை போட்டுப் பார்த்துவிட்டே மூடுவார்கள்.

எங்கே தவறு நடக்கிறது?

பெரும்பாலும் பழைய குழிகளில். பிற்காலத்தில் ஒருவர் குப்பைக் குழியோ தூண்குழியோ தோண்டியிருப்பார். அதன் மண் அடி அடுக்குக்குள் இறங்கியிருக்கும். அதைத் தனியாகப் பிரிக்காமல் மட்டமாக வெட்டிக்கொண்டே போனால், ஆழத்தில் புதிய பொருள் கிடைத்ததாகவோ, பழைய அடுக்கின் காலம் புதியதாகவோ பதிவாகிவிடும். எலி வளை, கரையான் புற்று, தென்னை வேர் மூன்றும் இதே வேலையைச் செய்யும். 5 அல்லது 10 சென்டிமீட்டராகச் சுரண்டி, ஒவ்வொரு முறையும் தரையைத் துடைத்து, நிறம் மாறும் வட்டம் தெரிகிறதா என்று பார்ப்பதைத் தவிர வழியில்லை. காய்ந்த தரையில் தெரியாவிட்டால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். குழி மண் ஈரத்தை வேறு வேகத்தில் விடும், விளிம்பு துலங்கும்.

அடுத்தது சுவர் சரிவது. கோடை மழை ஒன்று அடித்தால் போதும். தோண்டிய மண்ணை விளிம்பை ஒட்டிக் குவிக்காதீர்கள். ஆள் உயரத்துக்கு மேல் போகும் குழியில் படி விட்டு இறங்குங்கள். பார்வையாளர் சுவர்மேல் நடந்தால் சண்டை போட்டாவது இறக்கிவிடுங்கள்.

மூன்றாவது, எந்தக் குழி, எந்த ஆழம் என்று எழுதிப் பையில் இடும் அட்டை. ஈரப் பையில் போட்ட காகித அட்டை மூன்று நாளில் கூழ். அட்டையைத் தனிச் சிறு உறையில் இட்டு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. அட்டை இல்லாத ஓட்டுப் பை வெறும் ஓட்டுப் பை.

பொருள் கிடைத்ததும் என்ன செய்ய வேண்டும்?

கையால் பிடுங்கக் கூடாது. பாதி தெரிந்த நிலையில் அளவுகோலும் வடதிசை அம்பும் வைத்துப் படம். நீளம், அகலம், ஆழம் மூன்று அளவு. எந்த அடுக்கு, பக்கத்தில் என்ன இருந்தது என்ற குறிப்பு. பிறகுதான் எடுப்பது.

சாதாரண ஓட்டைத் தண்ணீரில் மென்தூரிகையால் கழுவி நிழலில் உலர்த்தலாம். கீறல் எழுத்து உள்ளதுபோல் தோன்றினால் தேய்க்காமல் ஊறவையுங்கள். உள்ளே உணவுப் படிவு இருக்கலாம் என்று தோன்றும் பானையைக் கழுவவே வேண்டாம். இரும்பைத் தண்ணீரில் காட்டாதீர்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிவையுங்கள். செம்புக் காசைப் புளி போட்டுத் துலக்கும் பழக்கம் ஊரில் இன்னும் இருக்கிறது. பச்சைக் களிம்போடு சேர்ந்து உருவமும் எழுத்தும் போய், பளபளப்பான வெறும் தகடு மிஞ்சும்.

விதைக்காகச் சாம்பல் மண்ணைத் தனியாக எடுத்து, தொட்டித் தண்ணீரில் கரைத்து, மேலே மிதப்பதை அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கண்ணுள்ள சல்லடையில் வடிப்பார்கள். இதைத் தவிர்த்தால் அந்த ஊர் என்ன சாப்பிட்டது என்பது தெரியாமலே போகும்.

“இத்தனை ஆண்டு பழமை” என்று எப்படிச் சொல்கிறார்கள்? நம்பலாமா?

ஒரு காலத்தில் உயிரோடிருந்த கரிமப் பொருள் இருந்தால் கார்பன்-14: உயிர் போனபின் அதில் குறைந்துகொண்டே வரும் கதிரியக்கக் கார்பனை அளக்கும் முறை. கரித்துண்டைக் கை படாமல் சுத்தமான கரண்டியால் எடுத்து அலுமினியத் தாளில் மடிக்க வேண்டும். பஞ்சு, காகிதம் எதுவும் அதோடு சேரக் கூடாது, அவையும் கார்பன்தான். கார்பன் அணுக்களை நேரடியாக எண்ணும் ஏ.எம்.எஸ். முறைக்குச் சில மில்லிகிராம் போதும் என்பதால் ஒரே ஒரு நெல்லையும் கணிக்கலாம். பழனி அருகே பொருந்தல் ஈமக்குழியில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 490 என்றும், சிவகளைத் தாழி நெல்லுக்கு கி.மு. 1155 என்றும் காலம் வந்தது இப்படித்தான். கரியைவிட நெல் நல்ல மாதிரி. விறகு நூறாண்டு பழைய மரத்தின் உள்தண்டாக இருக்கலாம்; நெல் ஒரே பருவத்துப் பயிர்.

கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்து மாதிரிக்கு கி.மு. 580 என்று 2019-இல் அறிக்கை வந்தது. இந்த எண்ணைத் தனியாகப் பிடித்துக்கொண்டு வாதாடுவோர், கீழடியின் பழமையை ஏற்பவர்களிலும் உண்டு, மறுப்பவர்களிலும் உண்டு. கி.மு. 800 முதல் 400 வரை கார்பன் அளவீட்டை நாட்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் வளைகோடு கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கிறது. அந்த நானூறு ஆண்டுக்குள் எந்த ஆண்டைச் சேர்ந்த மாதிரியும் ஏறக்குறைய ஒரே அளவீட்டைத் தரும். ஆகவே ஓர் எண்ணைவிட, அடுக்கு வரிசையில் மேலிருந்து கீழாக எடுத்த பல மாதிரிகள் ஒன்றையொன்று தாங்குகின்றனவா என்று பாருங்கள். எந்தக் குழி, எந்த அடுக்கு, என்ன பொருள் என்று சொல்லாத தேதியை நம்ப வேண்டியதில்லை.

மண் கடைசியாக வெளிச்சம் கண்ட காலத்தைக் கணிக்கும் ஒளித்தூண்டல் முறையில் மாதிரி மேல் வெளிச்சம் படக் கூடாது. இரும்புக் குழாயை வெட்டுமுகத்தில் அடித்து இறக்கி, இருபுறமும் உடனே அடைத்து எடுப்பார்கள்.

என் நிலத்தில் தோண்டவிட்டால் அரசு பிடுங்கிக்கொள்ளுமா?

ஊர்களில் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும் கூட. அகழாய்வு நடந்தாலே நிலம் அரசுடைமை ஆகாது. உரிமையாளரின் எழுத்துச் சம்மதத்தோடு பருவத்துக்கு எடுத்து, முடிந்ததும் குழிகளை மூடித் திருப்பித் தருவார்கள். மூடும்முன் அடியில் தார்ப்பாய் விரித்தால் நாளை மீண்டும் தோண்டுபவர்களுக்கு எல்லை தெரியும்.

1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்தியப் பாதுகாப்பு இடமாக அறிவிப்பது வேறு நடவடிக்கை. அதற்கு முன்னறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு மாதம் தர வேண்டும். அறிவித்த பின்பும், ஓரடி ஆழத்துக்கு மேல் தோண்டாத பயிர்த்தொழிலை அந்தச் சட்டம் தடுப்பதில்லை. வீடு கட்டுவதுதான் சிக்கல்: 100 மீட்டருக்குத் தடை, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி தேவை. இதை மறைத்துச் சம்மதம் வாங்குவது மகா தப்பு. பக்கத்து ஊரில் அது தெரியவரும் நாளில் அங்கே ஒருவரும் வரப்பில் கூட நடக்க விடமாட்டார்கள். கையெழுத்துக்கு முன்பே சொல்ல வேண்டியவை: எத்தனை குழி, எத்தனை மாதம், எந்த மரம் பாதிக்கும், பயிர் இழப்புக்கு என்ன, மேல்மண்ணைத் தனியே வைத்துத் திரும்ப மேலே போடுவார்களா. கடைசியைப் பலர் மறக்கிறார்கள். அடிமண் மேலே வந்தால் இரண்டு மூன்று வெள்ளாமைக்கு அந்தத் துண்டு தேறாது.

வீடு கட்ட வானம் தோண்டும்போது முதுமக்கள் தாழி வந்துவிட்டது. என்ன செய்வது?

அந்த இடத்தில் மட்டும் வேலையை நிறுத்துங்கள். ஜே.சி.பி.யை முதலில் தள்ளி நிறுத்துங்கள், அதிர்விலேயே தாழி விரியும். உள்ளே கைவிடாதீர்கள். தாழியைவிட உள்ளிருக்கும் மண்ணும் எலும்பும்தான் முக்கியம். வெறுங்கை பட்ட எலும்பில் மரபணு ஆய்வு கெட்டுப்போக வாய்ப்புண்டு. வெயிலில் திறந்து கிடந்தால் ஈரத் தாழி ஒரே நாளில் வெடிக்கும். ஈரச் சாக்கு போட்டு, மேலே மண் தூவி மூடுங்கள். ஒரு குச்சியோ செருப்போ அளவுக்கு வைத்துப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். அவர் வழியாக வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் போகும்.

வருபவர்கள் சுற்றிலும் மண்ணை வெட்டி, மெல்லிய துணி சுற்றி, விரிசல்களைக் கட்டி, உள்மண்ணோடு தூக்குவார்கள் அல்லது அங்கேயே அடுக்கடுக்காகக் காலிசெய்வார்கள். ஒரு தாழி வந்தால் பக்கத்தில் இன்னும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாழிகள் நிறைந்த ஆதிச்சநல்லூர்ப் பரம்பு 114 ஏக்கர். 1876-இல் ஜெர்மானியரான யாகோர் அங்கிருந்து எடுத்தவை பெர்லினுக்குப் போயின. பின்பு தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. ஊரில் காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை என்ற குறை நூறாண்டுக்கு மேல் இருந்தது.

காசு, நகை கிடைத்தால்?

1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தவருக்குச் சட்டப்படி பங்கோ ஈட்டோ உண்டு. மறைத்தால் பங்கு போகும், தண்டனையும் வரும். நகைக்கடையில் உருக்கக் கொடுப்பது எல்லாவற்றிலும் மோசம்.

ஊர்மக்களின் பங்கு கூலிவேலையோடு முடிகிறதா?

முடியக் கூடாது. குழியில் கூடை சுமப்பவர், சல்லடை பிடிப்பவர், ஓடு கழுவுபவர் எல்லாம் பெரும்பாலும் அந்த ஊர்ப் பெண்கள். இரண்டு மூன்று பருவம் வேலைசெய்தவர்களின் கண் புது மாணவரின் கண்ணைவிடக் கூர்மை. கீறல் ஓட்டைச் சல்லடையிலேயே பிரித்துவிடுவார்கள். இவர்களை வெறும் கூலிப் பட்டியலில் விட்டுவிடாமல், எந்தக் குழியில் யார் வேலைசெய்தார் என்று பதிவேட்டில் பெயரோடு எழுதலாம். அருங்காட்சியகத்தில் விளக்கிச் சொல்லும் வேலைக்கும் பழக்கலாம். 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் போல, கிடைத்த பொருள் கிடைத்த ஊரிலேயே இருப்பது இதற்கு அடிப்படைத் தேவை.

ஊரில் வேலை தொடங்கும்முன் பெரியவர்களிடம் கோயில், சுடுகாடு, காவல்தெய்வ இடங்கள் எவை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நடுகல் பல ஊர்களில் வேடியப்பனாகவோ வேறு சாமியாகவோ கும்பிடப்படுகிறது. அதை “மீட்டு” அருங்காட்சியகம் கொண்டுபோக நினைக்காதீர்கள். கும்பிடும் ஊரில் அது பத்திரமாகவே இருக்கிறது. எண்ணெய் பூசாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வதே பெரிய சாதனை. ஆண்டிபட்டி அருகே புலிமான்கோம்பையில் தமிழ்-பிராமி பொறித்த நடுகற்கள் 2006-இல் வெளிப்பட்டது கூட, தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் ஊர் ஊராக நடந்த கள ஆய்வில்தான்.

மாதம் ஒருமுறை குழியைத் திறந்துவிட்டு, இதுவரை என்ன தெரிந்தது, எதைத் தவறாக நினைத்திருந்தோம் என்று சொல்லுங்கள். “தங்கம் கிடைச்சுதா?” என்பதற்குச் சலிப்பில்லாமல் பதில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஊர் தானே ஒரு பதில் செய்துகொள்ளும். இரவில் யாராவது மண்வெட்டியோடு வருவார்.

பெண்களுக்கு ஏற்ற வேலையா?

குழிப் பொறுப்பாளர்களில் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள். தடை வேலையில் இல்லை, முகாமில் இருக்கிறது. கழிப்பறையும் பாதுகாப்பான தங்குமிடமும் உண்டா என்று சேரும்முன்பே கேளுங்கள். கேட்பதைக் குறையாக நினைக்கும் குழுவைத் தவிர்ப்பது நல்லது.

அறிக்கை ஏன் இவ்வளவு தாமதம்?

ஒரு பருவத்து ஓடுகளைப் பிரித்து, வரைந்து, ஆய்வக முடிவுகளுக்குக் காத்திருந்து எழுதுவது தோண்டியதைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும். அரசியலும் சேர்ந்துகொள்ளும்: கீழடியின் முதல் இரு பருவங்களுக்கு, அவற்றை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023-இல் கொடுத்த 982 பக்க அறிக்கையை, 2025-இல் மத்தியத் துறை திருத்தம் கேட்டுத் திருப்பியது நாடறிந்தது. வெளிவராத அறிக்கை என்றால் அந்தக் குழி வீணாக அழிந்த குழி. எனவே புதிதாகக் குழி போடும் ஆசையைவிட, பழைய பருவத்தை எழுதி முடிக்கும் பொறுமைதான் இத்தொழிலில் அரிது.

வேறு வேலையில் இருக்கிறேன். விடுமுறையில் என்ன செய்யலாம்?

உங்கள் ஊரின் பத்துக் கிலோமீட்டர் வட்டத்தை நடந்து பதிவுசெய்யுங்கள். மதுரையின் பசுமை நடை குழுவினர் சமணக் குன்றுகளுக்கு மக்களை அழைத்துப் போனதில் பல ஊர்களின் மலை வெளியே தெரிந்தது. பள்ளி ஆசிரியர் என்றால் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் தொடங்கலாம். பிள்ளைகள் தங்கள் வீட்டுத் திண்ணைக் கல்லில் எழுத்து இருப்பதை வந்து சொல்வார்கள்.

கல்வெட்டு கண்டால் சாக்பீஸ், சுண்ணாம்பு, பெயிண்ட் எதையும் பூசாதீர்கள், கம்பித் தூரிகையும் வேண்டாம். இருட்டியபின் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, நான்கு திசையிலிருந்தும் நான்கு படம் எடுங்கள். பகலில் தெரியாத எழுத்து நிழலில் எழும். மைப்படி எடுப்பது ஈரத் தாளைக் கல்லில் அறைந்து மை ஒற்றும் வேலை. தாள் கிழிந்தால் மை கல்லில் ஏறி நிற்கும், எனவே பழகியவரோடு மட்டும் செய்யுங்கள்.

குறிப்பில் ஊர், வட்டம், சர்வே எண், ஜி.பி.எஸ். அளவு, கல்லின் உயரம் அகலம், தேதி, தகவல் சொன்னவர் பெயர். இந்தக் குறிப்பைத் துறைக்கும் அருகிலுள்ள பல்கலைக்கழகத்துக்கும் அனுப்புங்கள். முகநூலில் போடும்போது ஜி.பி.எஸ். அளவையும், பின்னணியில் தெரியும் ஊர்ப் பலகையையும் நீக்கிவிட்டுப் போடுங்கள். புதையல் தேடுபவர்களும் அதே பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள்.